வெள்ளை பூசிய அணியம்

மயிலிட்டி உதயகலா அக்காவின் சின்னப் படகை இடித்து உடைத்தது தியாகலிங்கம் முதலாளியின் பெரிய படகு. இடித்த அணியத்தில், அதுதான் படகின் முன்பக்கத்தில், அக்காவின் படகின் நீலப் பெயின்ற் அப்படியே ஒட்டியிருந்தது. அதைப் பார்வையிட நீதிமன்றம் உத்தரவிட்டது. நாங்கள் போவதற்குள் அணியத்தைச் சுரண்டி, வெள்ளைப் பெயின்ற் பூசிவிட்டார்கள்.

விசாரணையன்று முதலாளியின் சட்டத்தரணி என்னைப் பார்த்துச் சிரித்தார். சட்டக் கல்லூரியில் எனக்குப் படிப்பித்தவர்.

"பிள்ளை, சாட்சியம் எங்கை? பேசாமல் வழக்கைக் கைவிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அக்காவின் சட்டத்தரணி. அவருடைய பிள்ளை இல்லை.

கூண்டில் நின்ற முதலாளியிடம் கேட்டேன்.

"ஏன் பெயின்ற் அடிச்சனீங்கள்?"

"அம்மன் திருவிழாவுக்கு. எல்லாரும் அடிக்கிறதுதானே."

"படகு முழுக்க அடிச்சனீங்களோ?"

அவர் தன் சட்டத்தரணியைப் பார்த்தார்.

"இல்லை. அணியத்துக்கு மட்டும்."

பின்வரிசையில் இருந்த மயிலிட்டிச் சனம் வாய்விட்டுச் சிரித்தது. அம்மனுக்கென்று பூசுகிறவன் படகில் ஒரு சாண் இடம் விடமாட்டான்.

சட்டத்தரணி துள்ளி எழுந்தார்.

"எங்கை அந்த நீலம்? காட்டட்டும் பாப்பம்!"

"நீங்கள் படிப்பிச்ச லத்தீன்தான், சேர்," என்றேன். "ஒம்னியா பிரெசுமுன்டுர் கொன்ட்ரா ஸ்போலியடோரெம். சாட்சியத்தை அழிச்சவனுக்கு எதிராத்தான் எல்லாத்தையும் ஊகிக்க வேணும்."

அவர் மெல்லக் கதிரையில் அமர்ந்தார்.

"நீலம் எனக்குத் தேவையில்லை. உந்த வெள்ளையே போதும்."