புளிப்புக் கல்

மதீனா பீவி காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பவள் என்பது பர்மாவில், ஆற்றங்கரை டாலாவில் அந்தச் சந்துக்கே தெரியும். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த ஐந்தாம் நாள் காலையில் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. கொல்லையில் நீல பிளாஸ்டிக் டிரம்முக்குள் குர்பானி கொடுத்த கிடாயின் தோல் ஊறிக்கொண்டிருந்தது. அரைமணிக்கு ஒரு தரம் மூடியைத் திறப்பாள், மூங்கில் கழியால் கிளறுவாள், மோந்து பார்ப்பாள், மூடுவாள். மழையோ விட்டபாடில்லை. இந்த ஈரத்தில் பச்சைத் தோல் அழுக எவ்வளவு நேரமாகும்?

வழக்கமாகத் தோலைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது மதரசாப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போகும். இந்த வருடம் வாங்க வந்த பள்ளிவாசல் நிர்வாகி பர்கத்துல்லாவிடம் மதீனா முடியாது என்றுவிட்டாள்.

“நானே பதம் பண்ணி இவங்க தொழுகைக்கு விரிக்கப்போறேன் காக்கா.”

“விக்கத்தான் கூடாது, வச்சுக்கலாம். தப்பில்ல,” என்றார் அவர். “ஆனா அழுக வச்சு ஆத்துல எறிஞ்சீங்கன்னா, அது அந்தப் புள்ளைங்க வயித்துல அடிச்ச மாதிரி.”

“பதினஞ்சாம் நாள் வந்து பாருங்க” என்று சந்தே கேட்கச் சொன்னாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

வீம்பு இல்லை, பயம். புருஷன் கமாலுக்குச் சர்க்கரை நோய். தொழுகையில் இடது காலை மடித்து உட்கார்ந்து உட்கார்ந்து, சிமெண்டுத் தரை உரசிக் கணுக்காலில் ஒரு புண். மூன்று மாதமாக ஆறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள் என்றால் மனுஷன் கேட்கிற ஜாதியில்லை. கோடி வீட்டில் சைக்கா என்ற மூன்று சக்கர வண்டி மிதித்த அப்பாசாமிக்கும் இப்படித்தான் ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்தது. போன வருடம் பாதத்தையே எடுத்துவிட்டார்கள். அவர் கட்டை ஊன்றிப் போகும் சத்தம் கேட்டாலே மதீனாவின் கண் கமாலின் காலுக்குத்தான் போகும். மெத்தென்ற ஆட்டுத்தோல் ஒன்று கீழே கிடந்தால் புண் பிழைக்கும், கால் பிழைக்கும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

செல்போனில் பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம். கொழுப்பும் சவ்வும் போகச் சுரண்டி, இரண்டு நாள் உப்பில் கிடத்தி, அலசி, பிறகு உப்பும் படிகாரமும் கரைத்த தண்ணீரில் ஒரு வாரம். படிகாரத்தை அவள் உம்மா சீனாக்காரம் என்பாள். வீட்டு முகப்பில் வெற்றிலைக்கடை வைத்திருக்கும் கமால், ஆற்றுக்கு அக்கரையில் லான்மடா கடைத்தெருவுக்குப் பாக்கு வாங்கப் போனபோது சொல்லி அனுப்பினாள்.

“கால் வீசை சீனாக்காரம் வாங்கிட்டு வாங்க மச்சான். பர்மா பாஷையில சௌச்சின்னு கேளுங்க.”

சௌ என்றால் கல், சின் என்றால் புளிப்பு. படிகாரத்துக்கு அங்கே அதுதான் பேர். அவரும் படகேறிப் போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கண்ணாடிச் சில்லு மாதிரிக் கட்டிகள். மதீனா அவசர அவசரமாக இடித்து, கொதிக்கிற தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து உப்பும் சேர்த்துத் தோலை முக்கிவிட்டாள்.

இப்போது மூடியைத் திறக்கப் போனவள் நின்றுவிட்டாள். சுவரோரமாக எறும்புகள் சாரிசாரியாக வந்து டிரம்மில் ஏறிக்கொண்டிருந்தன. உப்புக்கு ஏன் எறும்பு வருகிறது? விரலை விட்டு நாக்கில் வைத்தாள். நாக்குச் சுருங்கவில்லை. உப்புக்கு அடியில் இனித்தது.

“கல்கண்டு மச்சான். கல்கண்டை வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

கமால் முகம் ஒரு கணம் வெளுத்தது. “கடைக்காரச் சீனத்தி மாத்திக் கொடுத்திருப்பா. நானே போய்...”

“நீங்க போய்க் கிழிச்சீங்க. அந்தப் பொம்பளைய நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்காம வரமாட்டேன்.”

தோலை எடுத்து அலசினாள். ஒரு மூலையில் முடி கையோடு வந்தது. மிச்சத்துக்கு உப்பை அள்ளி அப்பிவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினாள். படகு நகர்கிற வரைக்கும் உட்காரவில்லை, நகர்ந்த பிறகும் உட்காரவில்லை. என் புருஷன் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர், அவரை ஏமாற்றியிருக்கிறாளே என்று கறுவிக்கொண்டே போனாள்.

கடைக்காரச் சீனத்தி வசவையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பர்மிய பாஷையில் சொன்னாள்: “வெற்றிலைக்கடை கமால்தானே? அவர் ‘சௌ’ என்று வாயைத் திறந்ததுமே கட்டிக் கொடுத்துவிட்டேன். வாராவாரம் வாங்குவது சௌதஜாதானே.”

சௌதஜா. சர்க்கரைக் கல், கல்கண்டு. மதீனாவுக்கு ஒரு நிமிடம் கடை, தெரு, எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு வருடமாக வீட்டில் பாயசம் இல்லை, தேத்தண்ணீரில் சீனி இல்லை. பெருநாளைக்குக்கூட இனிப்புச் செய்யவில்லை. சர்க்கரை குறையாததற்குத் தான் வடிக்கிற சோற்றைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாராவாரமாமே!

“மன்னிச்சுக்குங்க அக்கா,” என்று அவளும் அந்தப் பாஷையிலேயே சொல்லி, கால் வீசை புளிப்புக் கல் வாங்கிக்கொண்டு திரும்பினாள். முதல் வேலையாக டிரம்மைக் கழுவிப் புதுக் கரைசல் கலந்தாள். இந்தத் தடவை நாக்கில் வைத்துப் பார்த்தாள், வாயே சுருங்கியது. தோலை முக்கினாள். கமால் உள்ளறையில் பிற்பகல் அஸர் தொழுகையில் இருந்தார். வெற்றிலைக்கடையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். சுண்ணாம்பு, பாக்கு, ஏலம். கிராம்பு டப்பாவில் கிராம்புக்கு அடியில் கல்கண்டு இருந்தது. அதைக் கொட்டிவிட்டுப் படிகாரக் கட்டிகளைப் போட்டு மூடினாள்.

சாயங்காலம் எறும்புச் செய்தி கேட்டுப் பர்கத்துல்லா வந்துவிட்டார். சந்தில் ஒரு விஷயம் நிற்குமா?

“தோலு போச்சாமே?”

“போகல காக்கா. ஒரு மூலையில முடி கழண்டிருக்கு, அவ்வளவுதான். அடுத்த வருசத் தோலு உங்களுக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்.”

பேச்சு நடக்கும்போதே கமாலின் கை பழக்கத்தில் கிராம்பு டப்பாவுக்குப் போய், வாய்க்குப் போனது. மனுஷர் கண்ணை மூடினார். கன்னம் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பெரிய மனிதர் எதிரே துப்பவா முடியும்? மதீனா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் பார்க்கிறாள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

பர்கத்துல்லா போன பிறகும் கமால் வாயைக் கழுவப்போகவில்லை. மதீனா கீழே உட்கார்ந்து அவருடைய இடது காலை எடுத்து மடியில் வைத்துப் புண்ணின் துணிக்கட்டைப் பிரித்தாள். புண் நேற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

“ஆட்டுத் தோலை அலசிட்டு மறுபடி ஊற வச்சுட்டேன் மச்சான். இந்தத் தோலுக்கு நான் எந்தக் கடையில போய் என்னத்த வாங்கிக் கரைப்பேன்?”

கமாலின் நாக்கைப் படிகாரம் இன்னும் விடவில்லை. அவர் கல்லாப்பெட்டிக்கு அடியில் கையை விட்டு, அவள் கண்டுபிடிக்காத இன்னொரு கல்கண்டுப் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார்.