வலமிருந்து மூன்றாவது ஆள்

எங்கள் ஊர் வெக்ஸ்லியில், பழைய பேஸ்பால் அணிகளின் பத்திரிகைப் படங்களைச் சேர்ப்போர் சங்கம் பந்தை உருட்டி ஆடும் பவுலிங் கூடத்தின் மாடியில் கூடுகிறது. சுவர் நிறையச் சட்டமிட்ட படங்கள். எல்லாமே முகத்தைச் சுவருக்கும் முதுகை நமக்கும் காட்டித் தொங்குபவை. நாளிதழின் முத்திரை, ஒட்டிய குறிப்புச் சீட்டு, ஆசிரியரின் சிவப்புப் பென்சில் எல்லாம் பின்புறத்தில்தானே இருக்கின்றன? முன்புறத்தில் வெறும் ஆட்டக்காரர்கள். அதுவும் பெரிய லீக்கை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். அச்சுக்குப் போகுமுன் வேண்டாததை மறைக்க நாளிதழ்க்காரர் தூரிகையால் எதையாவது கெடுத்திருந்தால் மட்டும் முன்புறத்துக்கும் மதிப்பு உண்டு.

உறுப்பினராக, பத்திரிகைக் கை பட்ட படம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். என்னை இரண்டு முறை நிராகரித்தார்கள். முதல் படத்தில் முத்திரை மங்கல். அடுத்ததில் ஆட்டக்காரர்கள் சிரிக்கிறார்களாம், குடும்பப் படம் போல இருக்கிறதாம். மூன்றாவதும் தோற்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக நான் கொண்டுபோனது 1952ஆம் ஆண்டின் வெக்ஸ்லி டானர்ஸ் அணி. பின்புறம் வெறுமை, சீட்டு எப்போதோ உரிந்துவிட்டது. ஆனால் முன்புறத்தில், வலமிருந்து மூன்றாவது இடத்தில் ஆளே இல்லை. சாம்பல் நிறச் சாயம். பக்கத்து ஆளின் தோளில் மட்டும் யாருடையதென்று தெரியாத நான்கு விரல்கள்.

"அடேங்கப்பா, எவ்வளவு கெட்டியா பூசியிருக்கான் பாருங்க!" என்றார் பொருளாளர் வெண்டல் க்ரப். "ஹேலி, நீ உள்ள வந்துட்டேன்னே வச்சுக்கோ."

தலைவர் ஆர்வில் ஸ்டாம் படத்தை நோக்கிக் குனிந்தார். தன் வெள்ளைக் கையுறைகளைக் கழற்றினார். அந்த அறையில் அவர் வெறுங்கையை யாரும் பார்த்ததில்லை.

"அது நான்தான்," என்றார்.

"ஆரம்பிச்சுட்டான்யா! டானர்ஸ்ல ஆடினேன், ஆடினேன்னு நாப்பது வருஷமா சொல்றே. ஒரு படத்துலயாச்சும் இருக்கியா?"

"படம் எடுத்த அன்னைக்குச் சாயங்காலமே என்னை டீம்ல இருந்து கழட்டி விட்டுட்டாங்க, வெண்டல். மறுநாள் பேப்பர்ல என் மேல சாயம்."

"நல்ல வசதியாப் போச்சு. சாயத்துக்குப் பின்னாடி நீயும் இருக்கலாம், எங்க அத்தையும் இருக்கலாம்."

ஸ்டாம் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, லேசா ஈரம் பட்டாப் போதும். வந்துடும்."

படத்தின் அருகே காப்பிக் கோப்பையைக்கூட வைக்கக் கூடாதென்று சங்கத்தின் முதல் விதியை எழுதியவர் அவர்.

"சாயம் போனா உன் விண்ணப்பமும் போச்சு," என்றார் க்ரப். "உன் படம். நீயே யோசிச்சுக்கோ."

நான் வேகமாக யோசிக்கிறவள் அல்ல. மேசை மேலிருந்த ஸ்டாமின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. படத்திலும் அப்படித்தான் தெரிந்தது. உண்மையிலேயே தெரிந்ததா, தெரிய வேண்டுமென்று விரும்பினேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"துடைங்க," என்றேன்.

கைக்குட்டை நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டு அவர் தேய்க்கத் தொடங்கியதும், யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். முதலில் ஒரு தொப்பி வந்தது. பிறகு அகலமான காது. பிறகு முகம்: கண்ணை இறுக மூடி, வாயைப் பிளந்து, தும்மலின் நடுவில் அகப்பட்ட ஓர் இளைஞன்.

"காது அதேதான்," என்று க்ரப் ஒப்புக்கொண்டார். "ஆனா இந்த மூஞ்சிக்கு, டீமை விட்டு அனுப்பலைன்னாலும் சாயம் பூசியிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டாம் சிரிக்கவில்லை. அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையுறைகளை மாட்டினார். தன் இடத்துக்குப் போய் மேசையைத் தட்டினார்.

"புது உறுப்பினர் விண்ணப்பம். முத்திரை இல்ல, சீட்டு இல்ல, சாயமும் இல்ல. இது வெறும் போட்டோ. வேண்டாங்கறவங்க கை தூக்கலாம்."

முதலில் உயர்ந்தது அவர் கைதான்.

மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இனிமே அதுக்கு விலை ஒண்ணும் கிடையாது. சும்மாவே குடுத்துடேன்."

கொடுத்துவிட்டேன். கோபப்பட்டிருக்க வேண்டுமோ என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.

அடுத்த ஆண்டு, பந்து வீசும் பிட்சர் ஒருவரின் தலையையே வெட்டச் சொல்லி ஆசிரியர் கோடு போட்ட படத்தோடு போனேன், ஒருமனதாகச் சேர்த்துக்கொண்டார்கள். தலைவர் மாட்டிய டானர்ஸ் படமும் சங்கச் சுவரில் தொங்குகிறது. விதிப்படி, எதுவுமில்லாத அதன் முதுகைக் காட்டிக்கொண்டு. மற்றச் சட்டங்களெல்லாம் நேராக இருக்க, அது மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். கூட்டம் முடிந்ததும் க்ரப் அதை நேராக்கிவிட்டுப் போவார். அடுத்த மாதம் நாங்கள் வரும்போது, யாரோ கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டியதுபோல மறுபடி சாய்ந்திருக்கும். மாடிச் சாவி தலைவரிடம்தான் இருக்கிறது.