வாசல் கழுவிய காலை

வாசலில் பதித்த கற்களின் இடுக்குகளால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது, ஆகவே தெருக் கானுக்குள் வடியும் மழைநீருக்காக வாங்கும் கட்டணத்தைக் குறைக்கவேண்டும் என்று எசன் நகராட்சிக்கு எழுதியிருந்தார் ஆனந்தராசா. பச்சைப் பொய். புல் முளைக்கிறதென்று எரிச்சல்பட்டு அந்த இடுக்குகளை அவரே சீமெந்தால் அடைத்திருந்தார். வந்து பார்க்கவா போகிறார்கள்?

வருவதாக அறிவித்துவிட்டார்கள். அதிகாரி ஒருவர் வருகிறார் என்று மட்டும் மனைவி ஜெயமலரிடம் சொன்னார். எதற்கென்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு ஆள் வரும்போது வாசல் கழுவாமல் விடுவாளா அவள்?

அதிகாரிப் பெண் படலையைத் திறந்த நேரம், ஜெயமலர் ஊற்றிய தண்ணீர் கல்லின் மேலால் வழுக்கிக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணின் சப்பாத்தை நனைத்துவிட்டுத் தெருக் கானுக்குள் விழுந்தது.

"ஐயோ, கோவிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்று கணவரிடம் பதறினாள் ஜெயமலர். பிறகு முகம் மலர்ந்தது. "எங்கட வாசல்ல ஒரு சொட்டும் கீழ இறங்காது, நீங்கள்தான் சீமெந்து பூசினனீங்கள் எண்டும் சொல்லுங்கோ."

"உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி டொச் மொழியில் கேட்டாள்.

ஆனந்தராசா நனைந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கென்னத்துக்கு வெக்கப்படுறியள்?" என்றாள் ஜெயமலர். "சொல்லுங்கோவன்."