ஒன்றா, நான்கா
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், கதிர்வீச்சுப் பிரிவில் கருவிகளைப் பழுது பார்ப்பவளை எல்லோரும் மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கூட வேலை பார்ப்பவர்கள் மட்டும், அவள் காதில் விழும்படியாகவே, பயந்தாங்கொள்ளி என்பார்கள். பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிற ஜென்மம் அவள்.

அன்று காலை அவள் உள்ளே நுழையும்போதே கணக்கு டாக்டர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எந்த நோயாளிக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று கணினியில் திட்டம் போட்டுக் கொடுப்பவர் அவர். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, பழைய கம்ப்யூட்டர் டக்கு டக்குனு அடிச்சுக்குது. ஒரு ஃபைலைத் திறக்கறதுக்குள்ள உயிர் போகுது."

அவள் பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே தகரத்தை நகத்தால் சுண்டுவது போன்ற சத்தம். எல்லா நோயாளிகளின் திட்டங்களும் இருக்கும் டிஸ்க் அது. நகல் எடுக்கும் டேப் கருவி எப்போதோ மண்டையைப் போட்டிருந்தது. புதியது கேட்டு எழுதிய மனு மேசைமேசையாக ஊர்ந்துகொண்டிருந்தது. டிஸ்க் செத்தால் அத்தனை பேரையும் மறுபடி ஸ்கேன் எடுத்து, மறுபடி கணக்குப் போட வேண்டும். பாதி சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அந்த இடைவெளி ஆகாது.

அந்தப் பாதியில் இருப்பவர்களில் ஒருத்தி அவளுடைய சித்தி. தொண்டையில் கட்டி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்களைக் கம்மிய குரலில் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

அலமாரியில் அதே கம்பெனி, அதே மாடலில் புது டிஸ்க் ஒன்று இருந்தது. பழையதில் இருப்பதை அப்படியே இதற்கு நகலெடுத்துவிட்டால் தீர்ந்தது. அவள் கணினியை அணைத்து, பழைய டிஸ்கைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அது ஸ்கஸி வகை. ஒரே பட்டைக் கேபிளில் பல டிஸ்குகள் தொங்கும்; ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். டிஸ்கின் அடியில் ஊசி ஊசியாக நிற்கும் கம்பிகளில் ஜம்பர் என்கிற சின்னஞ்சிறு குல்லாயை மாட்டித்தான் அந்த எண்ணை வைக்க வேண்டும். மூன்று ஜோடிக் கம்பிகள். முதல் ஜோடியில் மாட்டினால் ஒன்று, நடுவில் இரண்டு, கடைசியில் நான்கு.

முதல் காரியமாக, அவள் வேறோர் ஓரத்தில் தனியாக இருந்த ஜோடியில் ஒரு ஜம்பரை மாட்டினாள். எழுதத் தடை போடும் இடம் அது. பழைய டிஸ்கைப் படிக்கலாம், அதன்மேல் எதையும் எழுத முடியாது. நகலெடுக்க அது தேவையே இல்லை. மாட்டாவிட்டால் அவளுக்கு வயிறு ஆறாது, அவ்வளவுதான்.

பிறகு எண்ணைப் பார்த்தாள். வரிசையின் ஒரு முனையில் ஜம்பர் இருந்தது. ஒன்று. புது டிஸ்குக்கு மறுமுனையில் மாட்டினாள். நான்கு. இரண்டையும் பெட்டிக்குள் திருகிப் பொருத்தி, நகலெடுக்கும் நிரலை ஓடவிட்டாள். அந்த நிரலுக்குக் கோப்பும் தெரியாது, நோயாளியும் தெரியாது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்று மட்டும் கேட்டது. ஒன்றிலிருந்து நான்குக்கு என்று கொடுத்தாள்.

திரையில் உடனே சிவப்பு வரி: நான்காம் டிஸ்கில் எழுத முடியவில்லை.

"புது டிஸ்கும் போச்சா?" என்றார் கணக்கு டாக்டர்.

"இருங்க சார்."

"ஏதோ தடை போட்டீங்களே, அதை எடுத்துட்டுப் பாருங்களேன்."

"அதைப் பழசுலதானே போட்டேன்..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு உறைத்தது. தடை இருப்பது பழைய டிஸ்கில். தடுக்கப்பட்டது நான்காம் எண். அப்படியானால் நான்குதான் பழையது. வெறும் டிஸ்கின் வெறுமையை எடுத்து, நோயாளிகள் அத்தனை பேரின் திட்டங்கள்மீதும் அவள் எழுதப் பார்த்திருக்கிறாள்.

வெளியே சித்தி சொன்ன எதற்கோ யாரோ சிரித்தார்கள்.

"தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு கடைசியை முதல்னு எண்ணிட்டேன் சார். ரெண்டுலயும் அப்படியேதான் எண்ணியிருக்கேன்."

அவருக்கும் புரிந்தது. "சரி, ஒண்ணும் ஆகலையே. இப்ப நம்பரை மாத்திக் கொடுத்தாப் போதும், இல்லையா?"

போதும்தான். ஆனால் அவள் கை விசைப்பலகைப் பக்கமே போக மறுத்தது. "கண்ணால பாக்காம தொட மாட்டேன்" என்று சொல்லிக் கணினியை அணைத்தாள். டிஸ்குகளைக் கழற்றி, அவற்றின்மேல் ஒட்டியிருந்த ஜம்பர் படத்தோடு ஒப்பிட்டாள். அவள் நினைத்தது சரி. பழையது நான்கு, புதியது ஒன்று. திரும்பப் பொருத்தி மின்சாரம் கொடுத்தாள்.

பழைய டிஸ்க் சுழலவில்லை.

டக்கு டக்கு சத்தம்கூட இல்லை. இன்னொரு தரம் போட்டாள். மூச்சுப் பேச்சு இல்லை. ஓடிக்கொண்டிருந்ததை அணைத்தது அவள். நம்பரை மாற்றிக் கொடுத்திருந்தால் இந்நேரம் நகல் ஓடிக்கொண்டிருக்கும். தன்னைக் காப்பாற்றிய அதே பயம் இப்போது தன்னைக் குழியில் தள்ளிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கணக்கு டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஏதாவது வழி இருக்கா அக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணு இருக்கு. சொல்லிக்கிற மாதிரி வழி இல்ல."

உள்ளே சுழலும் தகடும் அதைப் படிக்கும் முள்ளும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். டிஸ்கை வெளியே எடுத்து, குளிரில் விறைத்த குருவியைப் பொத்துவதுபோல உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடேற்றினாள். பிறகு தட்டையாகப் பிடித்து, மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பினாள். கொஞ்சம் அதிகமானால் முள் தகட்டைக் கீறிவிடும். இன்னொரு தரம் திருப்பினாள். கேபிளைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்லிய ஒரு முனகல். அது ஏறி, ஏறி, நிலைத்தது.

நான்கிலிருந்து ஒன்றுக்கு என்று கொடுத்தாள். கணக்கு டாக்டர் எண்களை உரக்கப் படித்தார். "நீங்களும் சொல்லுங்க" என்றார். அவளும் சொன்னாள். நகல் ஓடியது. இடையிடையே டக்கென்று சத்தம் வரும்போதெல்லாம் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஒரு இடத்தில் நின்று, அவள் உயிரை வாங்கிவிட்டு, மறுபடி நகர்ந்தது. முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு, புது டிஸ்கிலிருந்து ஒவ்வொரு திட்டமாகத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் இருந்தன.

கணக்கு டாக்டர் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவள் வெளியே வந்து சித்தியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே? எனக்கா உனக்கா கரண்டு வெக்கறாங்க?"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். வாய் கேட்கவில்லை. "எல்லாருடைய கணக்கையும் அழிக்க இருந்தேன் சித்தி. உன்னோடதும் போயிருக்கும்."

சித்தி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் விரல்களைப் பார்த்தாள்; அவை இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"தினமும் அந்த மேசைல படுக்கவெச்சு, முகத்து மேல அந்தக் கவசத்தை அழுத்தி மாட்டிட்டு, எல்லாரும் வெளிய ஓடிடுவாங்க" என்றாள் சித்தி. "அப்ப எனக்கும் இப்படித்தான் ஆடும். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"ஏன் சித்தி சொல்லல?"

"நீ பயந்துக்குவியேன்னுதான்."

கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்துச் சித்தியை அழைத்தாள். சித்தி எழுந்து, கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். இரண்டடி போனவள் திரும்பி, "கதவு வரைக்கும் வாடி" என்றாள்.

அவள் கூடப் போனாள்.