மழை வந்தால் செத்துப்போகும் போன்

திங்கள்கிழமை மழையிலிருந்து ரொவீனா வீட்டு போனில் கரகரப்பைத் தவிர எதுவும் கேட்கவில்லை. மலை இடுக்கு, செல்போன் எடுக்காது. புருஷன் ஹோபர்ட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து பதினாலு மாதமாகிறது. கிடைத்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மூன்று நம்பர் கேட்டபோது, "ஊரெல்லாம் என் சீக்கைத் தண்டோரா போடணுமா?" என்று வீட்டு நம்பரை மட்டும் கொடுத்தான் ஹோபர்ட். வீம்புக்கு எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது?

"எப்பவும் போல காஞ்சா தானா சரியாயிடும்," என்றான். இரண்டு நாளாகியும் காயவில்லை.

புதன்கிழமை காலை, பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய கையோடு ரொவீனா டிப்போவிலிருந்து போன் கம்பெனிக்குப் பேசினாள். ஆள் வர ஒன்பது நாளாகும், கோளாறு வீட்டு ஒயரில் இருந்தால் அது உங்கள் பாடு என்றார்கள். என் பாடு என்றால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை போனைக் கழற்றிக்கொண்டு, வெளிச்சுவரில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்தாள். ஹோபர்ட் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினான்.

"அடியே, கரண்ட் அடிச்சு நீ விழுந்தா எனக்கு யாரு சமைப்பா?"

"உப்பில்லாத சாப்பாட்டை யாரு வேணா ஆக்குவாங்க. நீ ஜன்னலைச் சாத்து, குளிர் உள்ளே போகுது."

பெட்டிக்குள் இருந்த துளையில் போனைச் செருகினாள். கரகரப்பே இல்லாமல் டயல் டோன் தெளிவாகக் கேட்டது. அப்படியானால் கம்பெனி லைன் நல்ல லைன்தான், கோளாறு வீட்டுக்குள்ளே. பெட்டியிலிருந்து மூன்று ஒயர்கள் போயின. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் சமையலறைக்குப் போய்ப் போனை மாட்டிக் கேட்டாள். முன்வாசல் பக்கம் போகும் ஒயரைக் கழற்றியதும் கரகரப்பு நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. ஏணி போட்டு ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். வாசல் கூரையடியில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் ஒன்று ஒயரின் நடுவே இறங்கியிருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு சீரியல் லைட் மாட்ட அடித்த பின். மூச்சு வாங்க வாங்க ஹோபர்ட்தான் ஏறினான். பிடிக்கப் போனவளை, "நான் இன்னும் சாகலைடி," என்று விரட்டினான்.

பின்னைப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சமையலறைப் போனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள்.

"நேத்து விடிகாலையில கூப்பிட்டோம்மா," என்றாள் நர்ஸ். "ஒரு மணி நேரம் விடாம அடிச்சோம். அப்புறம்... வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு."

ரொவீனா குரலை உடைய விடவில்லை. "அவர் பேரு லிஸ்ட்ல இருக்குல்ல? எழுதிக்குங்க," என்று பஸ் டிப்போ, தீவனக் கடை, பாதிரியார் வீடு என மூன்று நம்பர்களையும் சொல்லி, திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

வைத்துவிட்டுத் திரும்பினால், சுவரைப் பிடித்துக்கொண்டு ஹோபர்ட் வந்துகொண்டிருந்தான்.

"என்னடி கோளாறு?"

"அணில் ஒயரைக் கடிச்சிருக்கு."

"யாரும் கூப்பிடலையே?"

"இல்ல."

"பார்த்தியா, இதுக்குப்போய் ஏணியெல்லாம் ஏறினே. அந்த அணிலைச் சுட்டுக் குழம்பு வெச்சிடுவோம்."

"வெச்சிடுவோம்," என்றாள் ரொவீனா. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.