ஆறாவது வரைபடம்

பள்ளிக்கூடத்துக்கு ஏழு பழைய வரைபடங்கள் வந்த வருஷம், நாலாவதைச் சுவரில் மாட்டியபோது அதிலிருந்து ஒரு படகுக்காரர் துடுப்போடு இறங்கி வந்தார். அதற்கு முன்பே இரண்டாவதிலிருந்து சுங்கக்காரர்கள் இரண்டு பேரும், மூன்றாவதிலிருந்து பாலத்து முனையில் கடலை வறுத்து விற்றவரும் வந்திருந்ததால் எட்டாம் வகுப்புப் பசங்க பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. முன்பெஞ்சுக்காரர்கள் மட்டும் துடுப்புத் தண்ணீர் படாமல் புத்தகங்களைத் தள்ளி வைத்தார்கள்.

விஷயம் இதுதான். நாடு ஒரு காலத்தில் ஏழு குட்டி ராஜ்யங்களாகக் கிடந்தது. அவை ஒவ்வொன்றாக எப்படிச் சேர்ந்தன என்பதைத்தான் அந்த ஏழு தாள்களும் காட்டின. தாளுக்குத் தாள் ஒரு எல்லைக்கோடு குறையும், ஒரு நிறம் பக்கத்து நிறத்தை விழுங்கும், ஏழாவதில் எல்லாம் ஒரே மஞ்சள். கோடு அழிந்ததால் உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி பச்சையில் படுத்தவர்கள் காலையில் மஞ்சளில் எழுந்து அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கோட்டின் மேலேயே நின்றவர்களுக்குத்தான் கால் வைக்க இடமில்லாமல் போய், நேராக வகுப்பறைக்கு வந்துவிட்டார்கள். ஒரு தாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான். மறுபடி மாட்டினால் தூசிதான் வந்தது. சுங்கக்காரர்களை நகராட்சி சேர்த்துக்கொண்டது. கடலைக்காரர் பள்ளிக்கூட வாசலிலேயே கடை போட்டார். படகுக்காரரை, ஆளை ஏற்றி இறக்குகிற வேலைதானே என்று டவுன் பஸ்ஸில் கண்டக்டராகப் போட்டார்கள்.

அவருடைய ஆற்றில் மூன்று ராஜ்யங்கள் சந்தித்தன. கிழக்குக் கரையோடு அவர் ராஜ்யம் சேர்ந்தது நாலாவது தாளில். வடகரை சேர்ந்தது ஆறாவதில். அவர் வெளியே வந்த அன்று காலையில்தான் மனைவியை அவள் அம்மா வீட்டுக்குப் போக வடகரையில் இறக்கிவிட்டு, "மூணு நாள் கழிச்சு மத்தியானம் துறைக்கு வந்துடு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தார். கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுருட்டி வைத்திருந்த ஆறாவது தாளின் வெளிப்புறத்தில் அச்சடித்திருந்த தேதியைச் சுங்கக்காரர் படித்துக் காட்டியதும் படகுக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அதே மூன்றாம் நாள். அவள் துறையில், கோட்டின் மேல் நின்றுகொண்டிருப்பாள். தாளை விரிக்க வேண்டியதுதான் பாக்கி.

விரிக்கவில்லை. வரலாற்று வாத்தியாருக்குப் போர்ஷன் சார் என்று பெயர். உயிர் போனாலும் போர்ஷன் முடியாமல் போகக் கூடாது என்று ஓடுகிற மனுஷன். அரைப் பரீட்சை நெருங்கிவிட்டதால் ஐந்தாவதைக் கழற்றியதும் நேராக ஏழாவதை மாட்டிவிட்டார். "ஆறாவதுல ஒரே ஒரு கோடுதான் குறையுது, கேள்வியே வராது" என்று பசங்களிடம் சொன்னார். படகுக்காரர் போய்க் கேட்டபோது, "அடுத்த வருஷம் கண்டிப்பா மாட்டிடலாம் அண்ணே, முதல்ல இதுங்க பாஸ் ஆகட்டும்" என்றார். கெட்டவர் இல்லை. அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார். தாளைப் பூட்டி வைத்த பீரோவின் சாவி சாரின் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பூட்டை உடைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் நேற்று வந்த ஊரில் முதல் வேலையாகப் பூட்டை உடைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? லீவு நாளிலெல்லாம் படகுக்காரர் யூனிஃபார்மோடு வந்து எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏழு ராஜ்யங்களின் தலைநகரங்களும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

பிறகு வருவது குறைந்தது. பஸ் டிப்போவுக்கு எதிரில் தையல் கடை வைத்திருந்த ஒரு பெண், அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள், சாப்பிட்டீங்களா என்று கேட்டாள், கல்யாணம் ஆனது, வரிசையாக இரண்டு பையன்கள். போர்ஷன் சார் ஓய்வு பெற்ற அன்று, கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் டிப்போவுக்கு வந்து சாவியை நீட்டினார். "வாங்க அண்ணே, இன்னிக்கு மாட்டிடுவோம். இத்தனை வருஷமா மனசு கேக்கல."

படகுக்காரர் கையிலிருந்த சில்லறையை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். "இப்ப வேண்டாம் சார்" என்றார். "சின்னவனுக்குக் காய்ச்சல்."

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. அந்தப் பேச்சை மட்டும் அப்புறம் யாரும் எடுக்கவில்லை. தையல்காரி நல்ல மனுஷி. கேட்டிருந்தால் அவளே சாவியை வாங்கி விரித்திருப்பாள் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளிடம் அவர் கேட்கவே இல்லை.

தையல்காரி போய்ச் சேர்ந்து, பையன்கள் வேலைக்குப் போய், இவருக்கு முழங்கால் மடங்காமல் ஆன பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே இப்போது திரையில் படம் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். கோடுகள் தானாக அழிகின்றன, யாரும் இறங்கி வருவதில்லை. உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்த அறையைத் திறந்துவிட்டார்கள். அவர் தாளைத் தேடி எடுத்து, ஜன்னல் கம்பியில் சணலால் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

அவள் மூட்டையோடு இறங்கினாள். காலில் ஆற்றுச் சேறு. ஒரே பார்வையில் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "ஐயோ, என்னங்க இது கோலம்? மூணு நாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தலை இப்படி நரைச்சுக் கெடக்கு!"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். போர்ஷன் சாரைச் சொன்னார், தையல்காரியைச் சொன்னார். காய்ச்சலைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்து, அதையும் சொல்லிவிட்டார்.

"நான் ஒரு மத்தியானம்தான் நின்னேன்" என்றாள் அவள். "அதுக்கே உங்க மேல அவ்வளவு கோவம் வந்துச்சு."

அப்புறம் அவரோடு பேசவில்லை. மற்ற எல்லாரிடமும் பேசினாள். தன்னைவிட மூத்தவர்களான இரண்டு பையன்களும் பெரியம்மா என்று கூப்பிட்டபோது கூச்சப்படாமல், என்னடா என்று கேட்டாள். கடலைக்காரரிடம் பழைய பாலத்துக் கதைகள் பேசிச் சிரித்தாள். நின்றுபோயிருந்த தையல் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவருக்குத் தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. இப்படியே மழைக்காலம் போய், வெயில் காலமும் பாதி போனது.

ஒரு நாள் அவர் பால் வாங்கப் போனார். வண்டி வர நேரமாகிவிட்டது, முழங்கால் வேறு வலி, உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். வீட்டுக்கு முன்னால் அவள் தெருவில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்?"

பால் பாக்கெட்டைப் பிடித்தபடியே நின்று அவர் அழுதார். அவள் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் பக்கத்திலேயே நின்றாள். வேலைக்குக் கிளம்பிய தெருக்காரர்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்று, சைக்கிளைக் கொஞ்சம் ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனார்கள்.