ஆள் வருகிற இடம்

வேங்கிக்கால் ராஜேந்திரனுக்குப் பக்கத்தில் ஓராள் உட்காரும் இடம் ஆறு வருடமாகக் காலியாகவே இருக்கிறது. அதில் யார் உட்கார்ந்தாலும் எண்ணெய் தடவிய பலகையில் உட்கார்ந்ததுபோல வழுக்கி விழுகிறார்கள்.

எங்கள் ஊரில் பௌர்ணமி மறுநாள் காலையில் இடம் என்றால் அது கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முக்கால் முழ சீட்டு. அதற்கு நாற்பதாயிரம் பேர் போட்டி. வைப்பரில் தொங்கியே மூன்று பேர் போவார்கள். அப்படி ஒரு காலையில் ராஜேந்திரன் ஜன்னல் வழியே துண்டு போட்டு இரண்டு பேர் சீட்டைப் பிடித்தார். கிரிவலம் சுற்றிப் பாதம் பூசணிக்காயாக வீங்கியிருந்த சரசு கேட்டாள்.

"அண்ணா, எடம் இருக்குதுங்களா?"

"ஆள் வருதும்மா."

ஆள் வரவில்லை. ராஜேந்திரன் காலை நீட்டிக்கொண்டார். கடைசிவரை நின்றே வந்த சரசு இறங்கும்போது, "வர்ற ஆளுக்கு எடத்தப் பத்திரமா வெச்சிருங்கண்ணா" என்றாள்.

அன்றிலிருந்து அது பத்திரமாகத்தான் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் எட்டுப் பேர் விழுந்தார்கள். வீட்டில் மனைவி வேதா ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்தாள். கேட்டவர்களிடம் ராஜேந்திரன் வாயுக்கோளாறு என்றார்.

போன ஆவணியில் மகள் கீர்த்தனாவின் கல்யாணம். தாரை வார்க்கத் தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார வேண்டும். வேதா மூன்று முறை வழுக்கினாள். முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம். "பெத்தவங்களே ஒட்டி ஒக்காரலன்னா எப்படிங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஜோதியம்மாள் எழுந்துவிட்டாள்.

"யாருக்குப்பா அந்த எடம்?" கீர்த்தனா அழுதாள்.

ராஜேந்திரன் மைக் இல்லாமலே பேசினார். கிரிவலப் பாதைவரை கேட்டது. "யாரும் வரலம்மா. கால நீட்டிக்கறதுக்கு ஒரு பொம்பளைகிட்ட பொய் சொன்னேன். கால் வீங்கி நின்னா. பாத்துக்கினேதான் இருந்தேன்."

இரண்டாயிரம் பேர் தலையைக் குனிந்தார்கள். துண்டு போடாதவர் மண்டபத்தில் யார்?

அந்த இடம் மட்டும் அசையாமல் காலியாகவே இருந்தது. வேதா மணையை அதற்கு அந்தப் பக்கம் போட்டுச் சொம்பைச் சாய்த்தாள். "கைய நீட்டுங்க. ஊரே பாக்குது, இன்னும் என்னா வெக்கம்?" தண்ணீர் காற்றில் ஒரு முழம் நடந்து, சொட்டுச் சிந்தாமல் அவர் கையில் விழுந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. ஜோதியம்மாள் உட்கார்ந்தாள்.

பந்தியில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவே ஓர் இலை கூடுதலாக விழுந்தது. ராஜேந்திரன் தலை நிமிராமல் சாப்பிட்டார். பரிமாறியவர்கள் நடு இலைக்கும் பாயசம்வரை ஒன்றும் விடாமல் வைத்துக்கொண்டு போனார்கள்.